ஈறில் கத்தி வைக்கலாமா?

காலையில் பல் தேய்த்து முடித்து வாய் கொப்பளிக்கிறீர்கள். துப்பிய தண்ணீரில் இளஞ்சிவப்பாக ஏதோ தெரிகிறது. என்ன செய்கிறீர்கள்? குழாயைத் திறந்து இன்னும் கொஞ்சம் தண்ணீர் விட்டு அதைக் கழுவிவிட்டு, பால் பொங்கிவிடப் போகிறதே என்று சமையலறைக்கு ஓடுகிறீர்கள். மறுநாளும் அப்படித்தான். ஒரு வாரம் போனதும், "இந்த பிரஷ் முரடாக இருக்கிறது, வேறு வாங்க வேண்டும்" என்று தீர்மானிக்கிறீர்கள். வேறு பிரஷ் வந்த பிறகும் ரத்தம் நிற்கவில்லை. அப்புறம் அந்தப் பக்கம் தேய்ப்பதையே விட்டுவிடுகிறீர்கள்!

கை விரலிலிருந்து தினம் இரண்டு சொட்டு ரத்தம் கசிந்தால் இப்படிச் சும்மா இருப்பீர்களா? வீடே அமர்க்களப்படாதா? வாய்க்குள் கசிகிற ரத்தத்துக்கு மட்டும் அந்த மரியாதை இல்லை. குழந்தைக்கு ராத்திரி பல் வலி வந்தால் எல்லோரும் விழித்துக்கொள்கிறார்கள். வீட்டுக்காரருக்குக் கன்னம் வீங்கினால் ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு டாக்டரிடம் போகிறார். அம்மாவின் ஈறு மட்டும் தீபாவளி போகட்டும், பரீட்சை முடியட்டும், நாத்தனார் பிரசவம் ஆகட்டும் என்று காத்துக்கொண்டே இருக்கிறது.

காத்திருக்க முடிவதற்குக் காரணம், அது வலிப்பதில்லை. சொத்தைப் பல் கூப்பாடு போட்டு ஊரைக் கூட்டிவிடும். ஈறு வியாதி பத்து வருஷம், பதினைந்து வருஷம் சத்தமே இல்லாமல் வேலை பார்க்கும். ஒரு நாள் முறுக்கைக் கடிக்கும்போது, சொத்தை என்பதே அறியாத முத்துப் போன்ற பல் ஒன்று ஆடுகிறது. "நல்ல பல்லாயிற்றே, டாக்டர்!" என்று நீங்கள் அங்கலாய்த்தால், பாவம், அவர் என்ன சொல்லுவார்? பல் நல்ல பல்தான். அது நின்றுகொண்டிருந்த நிலம் கரைந்து போய்விட்டது.

பல்லின் ஜாதகம்

நிலம் எப்படிக் கரைகிறது என்று கொஞ்சம் பார்த்துவிடுவோம். இது தெரிந்தால்தான் டாக்டர் ஏன் ஆபரேஷன் என்கிறார், எப்போது அது தேவையில்லை என்பதெல்லாம் புரியும்.

ஈறு, பல்லின் கழுத்தைக் கச்சிதமாகக் கவ்விக்கொண்டிருக்கிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு சிறு சந்து உண்டு. ஆரோக்கியமான வாயில் அதன் ஆழம் 1 முதல் 3 மில்லி மீட்டர். அந்தச் சந்தின் ஓரத்தில் கிருமிகள் மாவு போல் படிகின்றன. தினமும் சரியாகத் தேய்த்தால் போய்விடும். விட்டுவிட்டால், உமிழ்நீரில் உள்ள சுண்ணாம்புச் சத்தை வாங்கிக்கொண்டு சில நாட்களில் இறுக ஆரம்பிக்கிறது. வெந்நீர்த் தவலையின் அடியில் உப்புத் தண்ணீரினால் ஒரு ஏடு கட்டிக்கொள்கிறதே, பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? அதே கதைதான். இதற்குக் காரை என்று பெயர். தவலையைத் தென்னை நாரால் தேய்த்தால் அந்த ஏடு போகிறதா? காரையும் பிரஷுக்கு மசியாது.

காரை படிந்த இடத்தில் ஈறு சிவக்கும், உப்பும், தொட்டால் ரத்தம் வரும். இந்தக் கட்டத்தில் நீங்கள் டாக்டரிடம் போனால் கதை சுபமாக முடிந்துவிடும். போகாவிட்டால், ஈறு பல்லைவிட்டு விலகி, சந்து ஒரு பையாக ஆழமாகிறது: 4 மில்லி மீட்டர், 5, 6, அதற்கும் மேல். அந்தப் பையின் அடியில், பல்லைத் தாங்கும் தாடை எலும்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. சிவந்த ஈறு பழையபடி ஆகிவிடும். கரைந்த எலும்பு தானாகத் திரும்பி வராது.

பல் டாக்டர் உங்கள் வாயில் ஒரு மெல்லிய கம்பியை வைத்து, "மூன்று, மூன்று, ஐந்து, ஆறு" என்று ஏதோ ஏலம் போடுவது போல் சொல்ல, பக்கத்தில் நிற்கும் பெண் எழுதிக்கொள்வாள். அந்தக் கம்பியில் மில்லி மீட்டர் கோடு போட்டிருக்கிறது. அவர் சொல்லுவதெல்லாம் ஒவ்வொரு பல்லையும் சுற்றி அந்தப் பை எவ்வளவு ஆழம் என்ற கணக்கு. உங்கள் பற்களின் ஜாதகமே அதுதான். அதையும் எக்ஸ்ரே படத்தையும் கேட்டு வாங்கி வீட்டில் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். கல்யாண ஜாதகம் எழுதி வாங்கி எத்தனை பத்திரமாக வைக்கிறோம்!

பெண்களுக்கென்று இதில் இரண்டு விஷயங்கள் உண்டு. கர்ப்ப காலத்தில் உடம்பில் ஏற்படும் மாறுதலால் ஈறு சுலபமாக வீங்கி ரத்தம் கசியும். சிலருக்கு இரண்டு பல்லுக்கு நடுவே சிவப்பாக ஒரு சிறு சதைக் கட்டி கூட முளைக்கும். அது பயப்பட வேண்டிய கட்டியல்ல. பெரும்பாலும் பிரசவத்துக்குப் பிறகு சுருங்கிவிடும். வயிற்றுப் பிள்ளை தாயின் பல்லிலிருந்து சுண்ணாம்புச் சத்தை உறிஞ்சிக்கொள்கிறது, அதனால்தான் பல் கெடுகிறது என்று பாட்டிமார் சொல்லுவார்கள். பிள்ளையின் மேல் வீண் பழி! பல்லிலிருந்து அப்படி யாரும் எடுக்க முடியாது. கர்ப்பிணி பல் டாக்டரிடம் போகவே கூடாது என்பதும் தவறு. அவசரமில்லாத வேலைகளுக்கு நாலாவது மாதத்திலிருந்து ஆறாவது மாதம் வரை சௌகரியமான காலம். சீழ், வீக்கம் என்றால் எந்த மாதமானாலும் போக வேண்டியதுதான்.

இன்னொன்று சர்க்கரை வியாதி. சர்க்கரை ஏறினால் ஈறு கெடுகிறது. ஈறு கெட்டால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவது கஷ்டமாகிறது. மாமியார் மருமகள் சண்டை மாதிரி ஒன்றை ஒன்று தூண்டிவிட்டுக் கொண்டிருக்கும். ஈறுக்குச் சிகிச்சை செய்துகொண்ட பலருக்குச் சர்க்கரையும் ஓரளவு இறங்குகிறது என்பது இப்போது நன்றாகத் தெரிந்திருக்கிறது.

சுத்தம் செய்தால் பல் ஆடுமா?

ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு படி இருக்கிறது. அதுதான் காரையைச் சுரண்டி எடுப்பது. ஸ்கேலிங் என்றும் கிளீனிங் என்றும் சொல்லுவார்கள். இதைச் செய்துகொண்டால் பல் ஆடிப் போகும், பல்லுக்குப் பல் சந்து விழும் என்று நம் வீடுகளில் ஓர் அசைக்க முடியாத நம்பிக்கை. "என் ஓரகத்தி செய்துகொண்டாள், அன்றையிலிருந்து பல்லெல்லாம் ஆட்டம்தான்" என்று சாட்சி சொல்ல யாராவது எங்கேயும் இருப்பார்கள்.

அந்த ஓரகத்தி பொய் சொல்லவில்லை. அவர் கண்டது நிஜம். சொன்ன காரணம்தான் தப்பு. பல வருஷமாகப் பல்லுக்கு நடுவே காரை சிமெண்டு போல் அடைத்துக்கொண்டிருந்தது. ஏற்கெனவே பிடிப்பு விட்டுப்போன பற்களை அந்தச் சிமெண்டுதான் ஒன்றோடொன்று ஒட்டி நிறுத்தியிருந்தது. அதை எடுத்ததும் சந்து தெரிகிறது, ஆட்டமும் தெரிகிறது. பரணில் அடுக்கிய சாமான்களை இறக்கினால் சுவரின் விரிசல் தெரிவதில்லையா? சாமானை இறக்கியதாலா சுவர் விரிந்தது?

சாதாரணச் சுத்தத்துக்கு மரப்பு ஊசி தேவைப்படுவதில்லை. இப்போதெல்லாம் வேகமாக அதிர்கிற நுனியுள்ள ஒரு கருவியால், தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே செய்கிறார்கள். கிர்ரென்ற சத்தம்தான் தொந்தரவு. பை ஆழமாக இருந்தால், மரத்துப் போகச் செய்து ஈறுக்கு அடியிலும் வேரை வழித்துச் சுத்தம் செய்வார்கள். இதற்கு இரண்டு மூன்று தடவை போக வேண்டியிருக்கலாம். பிறகு ஒரு மாதம், இரண்டு மாதம் விட்டு மறுபடி அந்தக் கம்பியால் அளந்து பார்ப்பார்கள். அநேகம் பேருக்கு இத்துடனேயே பை சுருங்கிவிடுகிறது. கத்தி என்ற பேச்சே எழுவதில்லை. முதல் நாளே அளவும் பார்க்காமல், சுத்தமும் செய்யாமல் ஒருவர் ஆபரேஷன் என்று சொன்னால், இன்னொரு டாக்டரையும் கேட்டுவிடுங்கள் என்பது என் அபிப்பிராயம்.

ஊசியின் கதை

ஆபரேஷன் என்றதும் வயிற்றைக் கலக்குவது கத்தியைவிட ஊசிதான். அந்த ஊசி இல்லாத காலத்தை நினைத்துப் பார்த்தால் அதன்மேல் ஒரு மரியாதையே வரும்.

உலகுக்கு மயக்க மருந்தின் மகிமையை ஊரறியக் காட்டியவர்கள் பல் வைத்தியர்கள்தான் என்பது உங்களுக்குத் தெரியுமோ என்னவோ! அமெரிக்காவில் ஹார்ட்ஃபோர்டு என்ற ஊரில் ஹோரேஸ் வெல்ஸ் என்ற பல் வைத்தியர் இருந்தார். 1844 டிசம்பரில் அங்கே சிரிப்பு வாயுவை முகர வைத்து வேடிக்கை காட்டும் ஒரு கூட்டம் நடந்தது. வாயுவை முகர்ந்த ஒருவன் துள்ளிக் குதித்ததில் காலில் பலமாக அடிபட்டது. ஆனால், அடிபட்டதே அவனுக்குத் தெரியவில்லை. எல்லோரும் சிரித்தார்கள், வெல்ஸ் யோசித்தார். மறுநாளே தாம் அந்த வாயுவை முகர்ந்துவிட்டு, இன்னொரு பல் வைத்தியரைக் கொண்டு தம் பல்லையே பிடுங்கச் சொன்னார். வலி தெரியவில்லை.

அடுத்த மாதம் பாஸ்டன் நகரத்தில் பெரிய டாக்டர்கள் முன்னிலையில் இதைச் செய்து காட்டப் போனார். வாயு போதவில்லை போலிருக்கிறது. பல்லைப் பிடுங்கும்போது நோயாளி முனகிவிட்டான். "மோசடி!" என்று கூச்சல் எழுந்தது. வெல்ஸ் மனம் உடைந்து, 1848-ல் பரிதாபமாக உயிரை மாய்த்துக்கொண்டார். இதற்கிடையே அவருடன் முன்பு தொழில் நடத்திய வில்லியம் மார்ட்டன் என்ற பல் வைத்தியர், 1846 அக்டோபர் 16-ந் தேதி அதே பாஸ்டன் ஆஸ்பத்திரியில் ஈதரைக் கொடுத்து நோயாளியை மயங்க வைத்து, ஆபரேஷன் நடக்கச் செய்து பெயர் வாங்கிவிட்டார்.

ஆளையே மயக்காமல் அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்யும் மருந்துகள் பின்னால் வந்தன. 1943-ல் சுவீடனில் நில்ஸ் லோஃப்கிரென் என்ற ரசாயன நிபுணர் கண்டுபிடித்த லிடோகெயின் என்ற மருந்தைத்தான் இன்றும் உலகெங்கும் பல் டாக்டர்கள் நிறையப் பயன்படுத்துகிறார்கள். முதலில் ஈறில் ஒரு பசையைத் தடவி, அது மரத்ததும் மெல்லிய ஊசியை மெதுவாகச் செலுத்தினால் எறும்பு கடித்த மாதிரிதான் இருக்கும். உதடு தடித்துப் போனாற்போல் தோன்றும். கண்ணாடியில் பார்த்தால் ஒன்றும் தடித்திருக்காது. அந்த மரப்பு இரண்டு மூன்று மணி நேரம், சில சமயம் அதற்கு மேலும் இருக்கும். குழந்தைக்கு ஊசி போட்டிருந்தால் பக்கத்திலேயே இருங்கள். உணர்ச்சியற்ற உதட்டை அது விளையாட்டாக மென்று புண்ணாக்கிக்கொள்ளும்.

நாற்காலியில் ஒரு மணி நேரம்

இப்போது ஈறு ஆபரேஷனுக்கு வருவோம். சீட்டில் ஃபிளாப் என்று எழுதியிருப்பார்கள். சுத்தம் செய்தும் பை 5, 6 மில்லி மீட்டருக்குக் குறையாமல் ரத்தம் கசிந்துகொண்டிருந்தால் இது தேவைப்படும். ஈறை வெட்டி எறிந்துவிடுவார்கள் என்று நினைக்கிறார்கள். இல்லை. புத்தகத்தின் அட்டையைத் திறப்பது போல, பல்லை ஒட்டிக் கீறி ஈறைக் கொஞ்சம் விலக்குகிறார்கள். அதுவரை தடவித் தடவிச் செய்த வேலையை, இப்போது வேரையும் எலும்பையும் கண்ணால் பார்த்துச் செய்ய முடிகிறது. ஒளிந்திருந்த காரையையும் கெட்ட சதையையும் எடுத்துவிட்டு, எலும்பில் குழி விழுந்திருந்தால் சில இடங்களில் எலும்புத் தூள் போன்ற பொருளை நிரப்பி, அட்டையை மூடித் தையல் போட்டுவிடுகிறார்கள்.

பெரும்பாலும் வாயின் ஒரு கால் பகுதியை மட்டும் ஒரு தடவையில் செய்வார்கள். மற்றப் பக்கத்தால் சாப்பிடலாம் அல்லவா? உத்தேசமாக ஒரு மணி நேரம் ஆகும். உங்களுக்குத் தெரிவது என்ன? வாயை இழுத்துப் பிடிப்பது தெரியும். தண்ணீர் பீய்ச்சுவது, அதை ஒரு குழாய் உறிஞ்சுவது தெரியும். யாரோ பக்கத்து அறையில் எதையோ சுரண்டுவது போல் ஒரு சத்தம். கூர்மையான வலி தெரியக் கூடாது. தெரிந்தால், தாங்கிக்கொண்டு நல்ல பெயர் வாங்க வேண்டாம். இடது கையைத் தூக்குவது என்று முன்னாடியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்; டாக்டர் நிறுத்தி, இன்னும் கொஞ்சம் மருந்து போடுவார். தையலை ஏழு நாளிலிருந்து பத்து நாளுக்குள் பிரிப்பார்கள். தானே கரைந்துவிடும் நூலும் உண்டு.

ஒரு விஷயத்தை டாக்டர் சொல்ல மறந்தாலும் நீங்கள் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். வீங்கியிருந்த ஈறு வற்றியதும் பல் நீளமாகத் தெரியும். அடிப்பக்கத்தில் சிறு சந்துகள் தெரியும். சில வாரங்களுக்கு ஐஸ் தண்ணீர் பட்டால் சுரீர் என்று கூசும். கூச்சம் நாளடைவில் அடங்கிவிடும்; நீளம் அப்படியேதான் இருக்கும். "அழகாக இருந்த பல்லை இப்படிப் பண்ணிவிட்டார்களே!" என்று பிறகு கண்ணீர் விடுவதைவிட முன்பே தெரிந்திருப்பது நல்லது. அந்த அழகு வீக்கத்தின் அழகு.

மற்ற ஈறு ஆபரேஷன்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஈறு தடித்துப் பல்லின் மேல் ஏறி வளர்ந்திருந்தால் அதிகப்படியைச் செதுக்கி எடுப்பார்கள். வலிப்பு நோய்க்குச் சாப்பிடும் சில மாத்திரைகள், ரத்தக் கொதிப்புக்குத் தரும் சில மாத்திரைகள் இப்படி வளரச் செய்வதுண்டு. அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். எழுதிக் கொடுத்த டாக்டரைக் கேளுங்கள். மாறாக, அழுத்தித் தேய்த்துத் தேய்த்து ஈறு கீழே இறங்கி வேர் தெரிந்தால், மேல் அண்ணத்திலிருந்து மெல்லிய சதை எடுத்து அங்கே ஒட்டுப் போடுவார்கள். ஒட்டுப் போட்ட இடத்தைவிட, எடுத்த இடம்தான் நாலைந்து நாள் எரியும். பல்லில் தொப்பி போட இடம் போதாவிட்டால், ஈறையும் எலும்பையும் கொஞ்சம் இறக்குவதும் உண்டு.

கண் போய்விடுமா?

"மேல் பல்லைப் பிடுங்காதே, கண் போய்விடும்!" இந்த ஒரு வாக்கியம் நம் நாட்டில் எத்தனை பேரைச் சீழோடு வருஷக் கணக்கில் வாழவைத்திருக்கிறது! கண் பார்வைக்கு உள்ள நரம்பு நேரே மூளைக்குப் போகிறது. பல்லுக்கு வரும் நரம்பு வேறு. ஆனால் பல்லின் வலியையும், கண்ணைச் சுற்றியுள்ள இடத்தின் வலியையும் ஒரே பெரிய நரம்பின் கிளைகள்தாம் சுமந்து செல்கின்றன. ஆகவே மேல் கடைவாயில் வலித்தால் கண் பக்கமும் தெறிக்கிறது. அந்தத் தெறிப்பிலிருந்துதான் இந்தப் பயம் பிறந்திருக்க வேண்டும். கண்ணுக்கு ஆபத்து பிடுங்குவதால் அல்ல. மேல் பல்லின் சீழை வருஷக் கணக்கில் விட்டு வைத்தால் அது மேலே பரவக்கூடும், அதுதான் ஆபத்து.

பிடுங்குவது என்ற வார்த்தையே சரியில்லை. பலம் கொடுத்து இழுப்பதில்லை. பல்லை இப்படியும் அப்படியும் அசைத்துக் குழியை அகலப்படுத்தி, தளர்ந்ததும் எடுக்கிறார்கள். அழுத்தம் தெரியும், வலி தெரியாது. ஆனால் காப்பாற்றக் கூடிய பல்லை எடுக்கச் சொல்லி நீங்களே பிடிவாதம் பிடிக்க வேண்டாம். "ஒரேயடியாகப் பிடுங்கிவிடுங்கள், டாக்டர், அலைய முடியாது" என்று சொல்லுகிற பெண்மணிகள் அநேகம். வேர்ச் சிகிச்சை செய்து தொப்பி போட்டால் அதே பல் பல வருஷம் உழைக்கும். வேரின் நுனியில் மட்டும் சீழ் அடங்காமல் இருந்தால், ஈறைத் திறந்து அந்த நுனியைச் சிறிது வெட்டி அடைத்து, பல்லை நிறுத்திவிடும் ஆபரேஷனும் இருக்கிறது.

ஞானப்பல் சங்கதி வேறு. பதினேழு வயதிலிருந்து இருபத்தைந்துக்குள், எல்லா இடமும் நிரம்பிய பஸ்ஸில் கடைசியாக ஏறுகிறவர் மாதிரி அது வருகிறது. உட்கார இடமில்லாமல் சாய்ந்தோ படுத்தோ கிடக்கும். மேலே பாதி மூடிய ஈறுக்கு அடியில் சோறு சிக்கி, அடிக்கடி வீங்கி, வாய் திறக்க முடியாமல் செய்யும். அப்படித் தொந்தரவு தருவதை எடுக்க வேண்டியதுதான். ஈறைத் திறந்து, கொஞ்சம் எலும்பைக் குடைந்து, பல்லைத் துண்டாக்கி எடுப்பார்கள். இரண்டாம் மூன்றாம் நாளில் கன்னம் வீங்கித்தான் இருக்கும், பிறகு வடியும். கீழ்த் தாடையில் அந்தப் பல்லின் வேரை ஒட்டி ஒரு நரம்பு ஓடுகிறது. அதற்குச் சிரமம் நேர்ந்தால் கீழ் உதட்டில் மதமதப்பு சில நாள், சிலருக்குச் சில மாதம், மிக அபூர்வமாக அதற்கு மேலும் நீடிக்கலாம். எக்ஸ்ரே பார்த்து இதைப் பற்றி முன்பே கேளுங்கள். பெண்ணுக்கு முகூர்த்தம் குறித்திருந்தால், கல்யாணத்துக்கு முந்தின வாரத்தில் ஞானப்பல்லில் கை வைக்க வேண்டாம். போட்டோவில் கன்னம் ஒரு பக்கம் கொழுக்கட்டையாக இருக்கும்!

டாக்டரிடம் மறைக்காதீர்கள்

பல் டாக்டர்தானே, இவருக்கு எதற்கு நம் மற்ற வியாதியெல்லாம் என்று நினைக்கிறோம். சாப்பிடுகிற மாத்திரைகளையெல்லாம் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டே போய்விடுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதைத் தாமாக நிறுத்துவது, ரத்தம் கொஞ்சம் அதிகம் கசிவதைவிடப் பெரிய ஆபத்து. இருதயத்தில் செயற்கை வால்வு வைத்திருந்தால், பல் எடுப்பதற்கு முன்னால் தடுப்பு மருந்து கொடுப்பார்கள். வீட்டில் வயதான அம்மாவோ மாமியாரோ எலும்புத் தேய்மானத்துக்கு வாரம் ஒரு மாத்திரையோ, வருஷம் ஒரு ஊசியோ எடுத்துக்கொண்டால் அதை அவசியம் சொல்லுங்கள். அந்த மருந்துகளால், பல் எடுத்த இடத்தில் தாடை எலும்பு ஆறாமல் போவது அபூர்வமாக உண்டு. "அது முட்டிக்காகச் சாப்பிடுகிறது, பல்லுக்கும் அதற்கும் என்ன?" என்று பலர் இதைச் சொல்லுவதே இல்லை.

செலவைப் பற்றியும் கூச்சப்படாமல் முதலிலேயே கேட்டுவிடுங்கள். எத்தனை தடவை வர வேண்டும், மொத்தம் எவ்வளவு, செய்யாமல் விட்டால் என்ன ஆகும், வேறு வழி உண்டா என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. தனியார் மருத்துவமனையில் கட்டுப்படியாகாவிட்டால், பல் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் குறைந்த செலவில் செய்வார்கள். சென்னையில் 1953-ல் தொடங்கிய அரசாங்கப் பல் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் ஈறுக்கென்றே தனிப் பகுதி இருக்கிறது. கூட்டம் இருக்கும், ஒரு தொடர்கதைப் புத்தகத்தைக் கையோடு எடுத்துக்கொண்டு போவது உத்தமம்.

வீட்டுக்கு வந்த பிறகு

பல் எடுத்த குழியில் ரத்தம் உறைந்து ஒரு மூடி போல் நிற்கிறது. அந்த மூடியைக் காப்பாற்றுவதுதான் உங்கள் வேலை. வாயில் வைத்த பஞ்சை அரை மணி முதல் முக்கால் மணி நேரம் அழுத்திக் கடித்துக்கொண்டிருங்கள். எச்சிலை விழுங்குங்கள், துப்பினால் மூடி கழன்று வந்துவிடும். முதல் நாள் வாய் கொப்பளிக்க வேண்டாம், ஸ்ட்ரா வைத்து உறிஞ்ச வேண்டாம். மறுநாளிலிருந்து வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரை வாயில் வைத்திருந்து மெதுவாக விழவிடுங்கள். வீங்கினால் முதல் நாள் வெளிப்புறம் ஐஸ் ஒற்றடம். தவிட்டு ஒற்றடம் கொடுக்கப் பாட்டி ஓடி வந்தால் அன்போடு தடுத்துவிடுங்கள். வலிக்கிற இடத்தில் ஆஸ்பிரின் மாத்திரையை வைத்து அடக்கிக்கொள்வதும் கூடாது. அது ஈறைச் சுட்டுப் புண்ணாக்கிவிடும். வெற்றிலை, புகையிலை, வீட்டுக்காரரானால் சிகரெட், எல்லாவற்றுக்கும் விடுமுறை.

வலி நாளுக்கு நாள் குறைய வேண்டும். இரண்டு மூன்று நாள் நன்றாக இருந்துவிட்டு, அப்புறம் காது வரை தெறிக்கிற மாதிரி வலி கிளம்பி, வாயில் துர்நாற்றமும் வந்தால், மூடி கழன்று எலும்பு வெளியே தெரிகிறது என்று அர்த்தம். புகை பிடிப்பவர்களுக்கும், கர்ப்பத்தடை மாத்திரை சாப்பிடும் பெண்களுக்கும் இது சற்று அதிகம் வருகிறது. டாக்டர் கழுவி மருந்து வைத்தால் சீக்கிரமே நிம்மதி கிடைக்கும். அழுத்திப் பிடித்தும் நிற்காத ரத்தம், காய்ச்சல், விழுங்க முடியாமை, கழுத்துப் பக்கம் இறங்கும் வீக்கம் இவற்றில் எது வந்தாலும் ராத்திரியென்று பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

ஈறு ஆபரேஷன் ஆன இடத்தில் தையல் பிரிக்கும் வரை பிரஷ் படக் கூடாது; டாக்டர் கொடுக்கும் மருந்துத் தண்ணீரால் கொப்பளித்தால் போதும். அது பல்லில் பழுப்புக் கறையை ஏற்படுத்தலாம், பிறகு எடுத்துவிடலாம். மற்றப் பற்களை வழக்கம்போல் தேய்க்க வேண்டும். சாப்பாட்டுக்கு முதல் நாள் ஆறின கஞ்சி, மோர், இளநீர். மறுநாள் குழைந்த ரசம் சாதம், இட்லியைப் பாலில் ஊற வைத்து, பருப்பு மசியல். காரமும் சூடும் வேண்டாம். அன்று சமையலை வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும். அடுப்பின் அனலில் குனிந்து நின்றாலும் ரத்தம் கசியும் என்று வீட்டில் சொல்லிவிடுங்கள். அப்பளமும் சீடையும் தையல் பிரித்த பிறகு, மறுபக்கத்துப் பல்லால்.